டிரெய்லர் புரொப்பேனில் ஜெனரேட்டர் ஓட்டியவர்கள் உதவுங்கள்

வணக்கம். அரிசோனாவில் இருக்கிறோம். நாங்கள் தங்கிப் பயணிக்கும் டிரெய்லரின் முன்பக்கம் இரண்டு 30 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர்கள். பெட்ரோலிலும் புரொப்பேனிலும் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்று வாங்கினேன். தனிச் சிலிண்டரில் மாட்டினால் அருமையாக ஓடுகிறது. கிரில் அடுப்புக்காக வண்டியின் பக்கவாட்டில் உள்ள குவிக் கனெக்டில் (ஹோஸைச் சட்டென மாட்டும் கேஸ் இணைப்பு) மாட்டினால் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மைக்ரோவேவ் போட்டதும் திணறி நின்றுவிடுகிறது.

வண்டியின் ரெகுலேட்டர் அழுத்தத்தை ஏற்கெனவே 11 அங்குல நீர் அளவுக்கு, அதாவது சுமார் 0.4 பிஎஸ்ஐக்குக் குறைத்துவிடுகிறது. ஜெனரேட்டரோடு வந்த ஹோஸிலும் இன்னொரு ரெகுலேட்டர். இரண்டையும் தாண்டி வரும் கேஸ் எஞ்சினுக்குப் போதவில்லை என்று நினைக்கிறேன். ஹோஸில் உள்ளதை எடுத்துவிட்டு யாராவது ஓட்டியிருக்கிறீர்களா? என்ன தடிமன் ஹோஸ்? ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் தாங்குமா? இல்லை, வண்டி ரெகுலேட்டருக்கு முன்னாலேயே டீ (T வடிவ இணைப்பு) போட்டு, ஹோஸில் உள்ள ரெகுலேட்டரோடு எடுப்பதுதான் சரியா?

கார்பன் மோனாக்சைடு பயத்தால் ஜெனரேட்டரை 20 அடி தள்ளித்தான் வைப்பேன், அதைக் குறைக்க மாட்டேன். அதனால் ஹோஸும் நீளம். அப்பாவுக்கு இரவில் சிபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்று தரும் கருவி) ஓட வேண்டும். அடுத்த வாரம் கிளம்புகிறோம், செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.