தீர்பொருளா, குறைபொருளா, கட்டுப்படுத்தும் வினைபொருளா?

அன்புடையீர்,

தண்டையார்ப்பேட்டை மாலை வகுப்பில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை மாலை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். வேதிவினையில் முதலில் தீர்ந்துபோய், விளைபொருள் எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவுசெய்யும் வினைபடுபொருளுக்கு (limiting reagent) மட்டும், நம் குழுக் கடிதங்களில் பலர் பலவாறு சொல்லியும், இன்னும் பெயர் அமையவில்லை. 'கட்டுப்படுத்தும் வினைபொருள்' என்றால், அது வினையின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதாக எண்ணிப் பிள்ளைகள் வினையூக்கியோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த 'குறைபொருள்' காதுக்கு இனியது. ஆனால் பொருள் பிறழ்கிறது. 2 கிராம் ஹைட்ரஜனையும் 8 கிராம் ஆக்சிஜனையும் வினைபுரியச் செய்தால், எடையில் கூடிய ஆக்சிஜன்தான் முதலில் தீர்கிறது. 9 கிராம் நீர் உண்டாகி 1 கிராம் ஹைட்ரஜன் எஞ்சுகிறது. சிறிய எண்ணைத் தேடி வட்டமிடும் பழக்கத்தை ஆண்டுதோறும் போராடி மாற்றுகிறோம். அந்தப் பிழையைப் பெயரே கற்றுக்கொடுத்துவிடக் கூடாது.

'தீர்பொருள்' என்ற சொல்லை எனக்குத் தந்தவள் ஒரு மாணவி. அவளுடைய அம்மா காலையில் வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறார். ஒரு செட்டுக்கு இரண்டு இட்லி, ஒரு வடை என்றால், 10 இட்லியும் 3 வடையும் கொண்டு எத்தனை செட் கட்டலாம் என்று கேட்டேன். "மூணு செட்டு சார், வடை தீந்துடும், நாலு இட்லி நிக்கும்" என்றாள். மோல் கணக்கு (எடையால் அல்லாமல் துகள்களின் எண்ணிக்கையால் அளக்கும் கணக்கு) முழுவதும் அந்த விடையில் இருக்கிறது.

முதலில் தீர்வது என்று காட்ட 'முன்' சேர்த்தால் புணர்ச்சி விதிப்படி 'முன்றீர்பொருள்' என்றே எழுத வேண்டும் என்று புலவர் ஐயா எழுதியிருந்தார். விதி சரிதான். ஆனால் கரும்பலகையில் எழுதியபோது அதே மாணவி 'மூன்று நீர்' என்று படித்தாள், அழித்துவிட்டேன். 'தீர்பொருள்' வினைத்தொகையாதலால் இடையில் வல்லொற்று மிகாது என்பதைத் தட்டச்சு செய்வோர் கவனிக்க வேண்டும்.

உரியியலில் தொல்காப்பியர் தீர்தலுக்கு 'விடல்' என்று பொருள் சொல்வதால், கலத்தை விட்டு நீங்கும் வாயுவுக்கே இச்சொல் பொருந்தும் என்ற வாதத்தை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். பழம்பொருள் அதுதான், ஆயினும் எண்ணெய் தீர்ந்தது, கேஸ் தீர்ந்தது என்று சொல்லாத வீடு காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை இல்லை. ஜெர்மானிய வேதியியலாளரான ரிக்டர் 1792இல் வினைபடுபொருள்களின் அளவைக் கணக்கிடும் இந்த அளவியலுக்குப் (stoichiometry) பெயர் வைத்தபோது எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லும் எழுத்து, தனிமம் என்ற இரு பொருளையும் தாங்கியதுதான். சொல் நகர்வது குற்றமன்று.

ஆகவே தாளில் 'தீர்பொருள்' என்று அச்சிட்டு, முதல் இடத்தில் மட்டும் பழைய சொல்லை அடைப்புக்குறிக்குள் தருகிறேன்.

---

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரும்பாலோர் இசைந்துவிட்டதால் தாள் அப்படியே போகட்டும். எனக்கு உடன்பாடில்லை. தேர்வு வினாத்தாளில் அடைப்புக்குறிக்குள் போன சொல்தான் வரும். ஒன்றைப் படிக்கவே திணறும் பிள்ளைக்கு இரண்டு பெயர்களைச் சுமத்துகிறோம். மேலும், தீராமல் நிற்கும் மற்றொரு பொருள் 'எஞ்சுபொருளா', 'மிகைப்பொருளா' என்பதற்கு ஒருவரும் விடை எழுதவில்லை. ஐந்தாம் கணக்கில் அது தேவைப்படுகிறது.

---

ஐந்தாம் கணக்கை 'எஞ்சும் ஹைட்ரஜன்' என்று மாற்றி அனுப்பிவிட்டேன், அம்மா. அச்சொல்லை அடுத்த தாளுக்கு முன் பேசுவோம்.