மறு: வெப்ஹுக் – தமிழில் என்ன சொல்லலாம்? (வலைத்தூது)

அனைவருக்கும் வணக்கம்.

> வலைக்கொக்கி என்றே வைத்துவிடலாமே. வலையும் கொக்கியும் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள்தான்.

ஒரு தளத்தில் ஏதாவது நடந்ததும் அந்தத் தளமே இன்னொரு நிரலுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடுதான் வெப்ஹுக். அதை வலைக்கொக்கி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் இப்போது தமிழாக்கிக்கொண்டிருக்கும் உதவிப் பக்கத்தை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு முடிந்த செய்தி இன்னொரு சேவையகத்துக்குத் தானாகப் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அந்தப் பக்கம்.

மொழிபெயர்ப்புத் தளமான கிரவுடினில் ஒரு கோப்பு முழுவதும் மொழிபெயர்க்கப்பட்டதும் 'ஃபைல்.டிரான்ஸ்லேட்டட்' என்ற நிகழ்வு எழும். சரிபார்ப்பவர் எல்லாச் சரங்களுக்கும் (மொழிபெயர்க்க வேண்டிய வரிகளுக்கும்) ஒப்புதல் தந்த பிறகு எழுவது 'ஃபைல்.அப்ரூவ்டு'. அப்போது, நாம் முன்பே கொடுத்துவைத்த முகவரிக்கு அந்தத் தளமே ஒரு ஹெச்டிடிபி கோரிக்கை (இணையவழிச் செய்தி) அனுப்புகிறது. எந்தத் திட்டம், எந்த மொழி, எந்தக் கோப்பு என்ற விவரமெல்லாம் அதற்குள் ஜேசான் என்ற, நிரல்கள் படிக்கும் உரை வடிவில் இருக்கும். நம் நிரல் அதைப் படித்து, கோப்பை இறக்கி, செயலியில் சேர்த்துவிடும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நம் நிரல்தான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தளத்தின் ஏபிஐயிடம் (நிரல்கள் விவரம் கேட்டுப் பெறும் வாயிலிடம்) போய் "முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்காமலே செய்தி வந்து சேர்கிறது என்பதுதான் இதன் உயிர். கொக்கியில் அது எங்கே இருக்கிறது? 2007-இல் ஜெஃப் லிண்ட்சே ஆங்கிலத்தில் இந்தப் பெயரை வைத்தபோது நிரலர்களிடம் 'ஹுக்' (கொக்கி) என்ற சொல் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது. ஓடும் நிரலில் நம் நிரலை மாட்டிவிட ஓர் இடம் என்று அவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். நம் பக்கத்தைப் படிக்கப்போகிறவரோ மொழிபெயர்ப்பை ஒருங்கிணைப்பவர். வலையையும் கொக்கியையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு மீன்பிடிதான் நினைவுக்கு வரும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில், மாற்றத்தைப் பதியுமுன் ஓடும் ப்ரீ-கமிட் ஹுக்குக்குக் 'கொக்கி' நன்றாகவே பொருந்துகிறது. அது நம் கணினியிலேயே மாட்டுவது. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம்.

> நிகழ்வழைப்பு

கருத்து சரிதான். ஆனால் 'நிகழ்வழைப்பைச் சேர்' என்று ஒரு பொத்தானில் இருந்தால் விழா அழைப்பிதழ் என்றுதான் நினைப்பார்கள். நாட்காட்டிச் செயலிகளில் அந்தப் பொருளுக்கே இது தேவைப்படும்.

என் பரிந்துரை: வலைத்தூது.

ஓரிடத்தில் நடந்ததை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தூது. கிளியையும் மேகத்தையும் தூது விட்ட மொழி இது. சிற்றிலக்கியத்தில் தூது என்று ஒரு வகையே இருக்கிறது. அதனால் தூது விடு, தூது அனுப்பு, தூது போ என்று வினைகள் கூடவே கிடைக்கின்றன. வலைத்தளம், வலைப்பூ வரிசையில் 'வலை' முன்னொட்டும் உறுத்தவில்லை. கலைச்சொல்லைத் தனியாகப் பார்த்தால் போதாது, இடைமுகத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும்:

வலைத்தூதைச் சேர்
வலைத்தூது முகவரி
தூது போய்ச் சேரவில்லை
தூதை மீண்டும் அனுப்பு

> தூது என்றால் போகும் செய்தியா, நாம் செய்துவைக்கும் அமைப்பா? குழப்பம் வராதா?

நல்ல கேள்வி. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் இடைமுகத்தைப் பாருங்கள். அமைப்புக்கு 'வெப்ஹுக்', ஒவ்வொரு முறை அனுப்புவதற்கும் 'டெலிவரி' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நாமும் அமைப்பை வலைத்தூது என்றும், ஒவ்வோர் அனுப்புதலையும் வெறும் தூது என்றும் சொல்லலாம். இந்தப் பிரிவு அவசியம். கிட்ஹப் அனுப்பும் தூதுக்கு 10 நொடிக்குள் பதில் வராவிட்டால் அது தோல்வி. கிட்ஹப் தானாக மறுபடி அனுப்பாது. பயனர்தான் பட்டியலில் அந்த ஒரு தூதைத் தேடி 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்த வேண்டும். வலைத்தூது அப்படியே இருக்கும், தூது மட்டும் தவறியிருக்கும்.

அனுப்பும் தளமும் நம் நிரலும் மட்டும் அறிந்த 'சீக்ரெட்' என்பதை 'மறைச்சொல்' என்று எழுதலாம். அதை வைத்து ஷா-256 என்ற கணக்கீட்டு முறையில் உருவாக்கிய கையொப்பம் தூதின் தலைப்பில் (ஹெடரில்) வரும். வந்த தூது உண்மையானதுதானா என்று நம் நிரல் அதைக் கொண்டு சரிபார்க்கும். இதை 'முத்திரை' என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் 'கையொப்பம்' ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். அதைக் கலைக்க வேண்டாம்.

இதைவிட என்னை உறுத்துவது நம் உதவிப் பக்க வரைவில் உள்ள 'மொழிபெயர்ப்பு நிறைவுற்றதும்' என்ற தொடர்தான். நான் மேலே சொன்ன இரண்டு கிரவுடின் நிகழ்வுகளுக்கும் வரைவில் இதே தொடர் இருக்கிறது. இதை நம்பி ஒருவர் முதல் நிகழ்வைத் தேர்ந்தெடுத்தால் யாரும் சரிபார்க்காத தமிழ் நேரே பயனர் கைக்குப் போய்விடும். முதலாவதை 'மொழிபெயர்ப்பு நிறைவு' என்றும் இரண்டாவதை 'ஒப்புதல் நிறைவு' என்றும் கண்டிப்பாகப் பிரித்தெழுத வேண்டும். வரைவில் 'ஒரேயொரு முறை' என்று வரும் இடத்தையும் நீக்கிவிடுங்கள். மூலக் கோப்பில் புதுச் சரங்கள் சேர்ந்து, அவையும் முடிந்தால், அதே கோப்புக்கு அதே நிகழ்வு மறுபடி எழும்.

தூது சுமந்துவரும் விவரத்தைக் குறிக்கும் 'பேலோடு' பாக்கி இருக்கிறது. நம் கலைச்சொல் பட்டியலில் 'தாங்குசுமை' என்று உள்ளது. இந்த இடத்துக்கு 'தூதுச்செய்தி' போதும் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதே இழையில் எழுதுங்கள். அதுவரை வரைவில் இரண்டையும் குறித்து வைக்கிறேன்.