'நியூஸ் ஃபிராக்மென்ட்' – துணுக்கா, நறுக்கா, வேறா?

வணக்கம்.

மென்பொருளின் மாற்றப் பட்டியலைத் தொகுக்கும் கருவியான டவுன்கிரையரின் ஆவணத் தமிழாக்க வரைவில் 'நியூஸ் ஃபிராக்மென்ட்' வரும் இடமெல்லாம் 'செய்தித் துணுக்கு' என்று இருக்கிறது. வார இதழில் பக்கத்தின் அடியில் மிஞ்சும் இடத்தை அடைக்கப் போடுவதைத்தான் நாம் துணுக்கு என்கிறோம். மாற்ற வேண்டும். சொல் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடுவோம்.

ஒரு திட்டத்தில் நாற்பது புல் ரிக்வெஸ்ட் (நிரலில் சேர்க்கக் கோரும் திருத்தங்கள்) ஒரே சமயத்தில் திறந்திருக்கின்றன என்று வையுங்கள். எல்லாமே சேஞ்ச்லாக் (பதிப்புவாரி மாற்றப் பட்டியல்) கோப்பின் தலைமாட்டில் ஆளுக்கொரு வரி சேர்க்கும். ஒன்று இணைந்ததும் மிச்சமெல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். பைத்தான் மொழியின் சேஞ்ச்லாக்கான மிஸ்க்/நியூஸ் கோப்பில் இதே தொல்லைதான் இருந்தது. பைத்தான் கிட்ஹப் தளத்துக்கு மாறிய 2017-இலேயே, அதற்கென்று பிளர்ப் என்ற கருவியும் வந்தது.

முட்டினால் தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். முட்டாமல் நுழைவதுதான் வம்பு. 2.4 என்ற பதிப்பு வருமுன் திறந்த ரிக்வெஸ்ட், 'வெளிவராதவை' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி சேர்த்திருக்கிறது. அது காத்திருக்கும்போதே 2.4 வெளியாகி, அந்தத் தலைப்பின் பெயர் '2.4' ஆகிவிடுகிறது. இணைக்கும்போது கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) பார்ப்பது அக்கம்பக்கத்து வரிகளை மட்டும். தலைப்பு நாலு வரி தள்ளி இருந்தால் சத்தமில்லாமல் 2.4-இன் கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும். 2.4-இல் இல்லாத வசதியை இருக்கிறது என்று ஆவணம் சொல்லும். கிட்டின் அமைப்புக் கோப்பான கிட்ஆட்ரிபியூட்ஸில் 'மெர்ஜ்=யூனியன்' (இரு பக்க வரிகளையும் வைத்துக்கொள்) என்று போட்டால் முட்டல் நின்றுவிடும்; இந்தப் பிழைக்கு அது கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிடும்.

இதற்கு மாற்றாக, ஒவ்வொரு மாற்றமும் தன் குறிப்பைத் தனிக்கோப்பாகக் கொண்டுவருகிறது. நியூஸ்ஃபிராக்மென்ட்ஸ் அடைவுக்குள் '4821.பக்ஃபிக்ஸ்' என்று ஒரு கோப்பு (முதலில் சிக்கல் எண், பிறகு 'பிழைதிருத்தம்' என்ற வகை), உள்ளே ஒரே ஒரு வாக்கியம். வெளியீட்டன்று 'டவுன்கிரையர் பில்டு' என்ற கட்டளை அவற்றை வகைபிரித்து, எண்ணோடு சேஞ்ச்லாக்கில் எழுதிவிட்டுத் தனிக்கோப்புகளை அழித்துவிடும். தாமதமாக இணைந்த மாற்றத்தின் கோப்பு அடுத்த பில்டு வரை அங்கேயே கிடக்கும். அதனால் பதிப்பு தவற வழியில்லை.

இந்தத் தனிக்கோப்புக்குத்தான் பெயர் வேண்டும்.
– கு.

> இந்தத் தனிக்கோப்புக்குத்தான் பெயர் வேண்டும்.

'மாற்றக் குறிப்பு' போதாதா? எல்லாருக்கும் புரியும்.
– ஆ.

> 'மாற்றக் குறிப்பு' போதாதா?

போதாது ஐயா. கமிட் மெசேஜுக்கு (நிரலர் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது எழுதும் வரிக்கு) அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இரண்டும் வேறு என்பதை இந்த ஆவணமே வற்புறுத்துகிறது. கமிட்டில் 'கேஷ் சாவியில் லோக்கேல் சேர்ப்பு' என்று இருக்கலாம், அது நிரலருக்கு. தனிக்கோப்பில் 'மொழியை மாற்றிய பின்னும் பக்கம் பழைய மொழியிலேயே தெரிந்த பிழை சரிசெய்யப்பட்டது' என்று இருக்க வேண்டும், அது பயனருக்கு. கமிட் வரியை அப்படியே நகலெடுத்துப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சொல்லும் ஒன்றாக இருந்தால் அதற்கு நாமே வழிவிட்டதாகும்.

'நறுக்கு' எப்படி? ஓலை நறுக்கு என்று பழைய ஆட்சி இருக்கிறது. நறுக்குகளைச் சேர்த்தால் சுவடி.
– செ.

நறுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பத்திரிகை நறுக்கு' என்றால் வெட்டியெடுத்தது. முழுக்கோப்பிலிருந்து வெட்டியதுதான் இது என்று படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். இங்கே துண்டுதான் முதலில், தொகுப்பு பிறகு. இன்னொருவர் தனிமடலில் 'மாற்றமுறி' என்று கேட்டிருந்தார். இலங்கையில் முறி என்றால் திறைசேரி முறிதான் நினைவுக்கு வரும், வேண்டாம்.

என் பரிந்துரை 'உதிரிக் குறிப்பு'. பூக்கடையில் உதிரிப்பூ தனி, கட்டிய சரம் தனி. தொடுப்பதற்கு முன் இருக்கும் நிலையைத்தான் உதிரி என்கிறோம்.
– இ., யாழ்ப்பாணம்

> என் பரிந்துரை 'உதிரிக் குறிப்பு'.

எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு தடை. உதிரி என்றால் எதனோடும் சேராதது என்றும் தொனிக்கும். இந்தக் கோப்பின் உயிரே அதன் எண்தான். பயனர் சேஞ்ச்லாக்கில் ஒரு வரியைப் பார்த்து, எண்ணைப் பிடித்து, விவாதத்துக்கும் நிரலுக்கும் போக முடிவது அதனால்தான். டவுன்கிரையரில் எண்ணே இல்லாத வகை ஒன்றும் உண்டு. கோப்புப் பெயர் கூட்டல் குறியில் தொடங்கும், 'ஆர்ஃபன்' என்பார்கள். உண்மையான உதிரி அதுவல்லவா?
– செ.

செ. சொல்வது நியாயமே. ஆனால் எண் பிணைப்பது குறிப்பை மாற்றத்தோடு; உதிரி என்று நாம் சொல்வது அது இன்னும் தொகுப்பில் சேராததை. இரண்டும் மோதவில்லை. ஆர்ஃபனுக்கு 'எண்ணிலிக் குறிப்பு' என்று வைத்துவிட்டால் குழப்பம் தீரும்.

கலைச்சொல்லை முடிவு செய்யுமுன் பிற கருவிகளிலும் பொருந்துகிறதா என்று பார்த்தேன். பிளர்ப்பில் கோப்புப் பெயரிலேயே தேதி, சிக்கல் எண், கடைசியில் பெயர் மோதாமலிருக்க எழுத்துகள் சில. வகையை அடைவு காட்டும். ஓப்பன்ஸ்டாக் திட்டத்தின் ரீனோ என்ற கருவியில் யாமல் வடிவக் கோப்பு, பெயரின் வாலில் 16 பதினறும எழுத்துகள். இந்த வால் அலங்காரத்துக்கு அல்ல. ஒரே சிக்கலுக்கு இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தம் அனுப்பினால், டவுன்கிரையரில் இருவரும் '4821.பக்ஃபிக்ஸ்' என்றே உருவாக்கி, தப்பித்து வந்த முட்டலிலேயே மறுபடி மாட்டுவார்கள். இரண்டாமவர் '4821.பக்ஃபிக்ஸ்.1' என்று போட வேண்டும். தமிழாக்கத்தில் அந்த வரி விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.

ரீனோ கோப்புகளை அழிப்பதில்லை. கிட் வரலாற்றையும் டேகையும் (பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) படித்து எந்தக் குறிப்பு எந்தப் பதிப்பு என்று கணிக்கிறது. அங்கும் 'உதிரி' பொருந்தும், தொகுப்பது ஆவணம் உருவாகும்போது. 'தொகுத்தபின் அழிக்கப்படும்' என்பதை மட்டும் பொது வரையறையில் எழுதாதீர்கள்.
– இ.

சரி, 'உதிரிக் குறிப்பு', 'எண்ணிலிக் குறிப்பு' இரண்டையும் வரைவில் ஏற்றிவிட்டேன். 'பில்டு' இந்த ஆவணத்தில் மட்டும் 'தொகு'.

வரையறையோடு இரண்டு எச்சரிக்கைகளும் போகின்றன. ஒன்று, 'டவுன்கிரையர் செக்' முதன்மைக் கிளையோடு ஒப்பிட்டுத்தான் உதிரிக் குறிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும். சிஐ-யில் (தானியங்கிச் சோதனையில்) ஆழம் 1 என்று, அதாவது கடைசிக் கமிட்டை மட்டும் நகலெடுத்து, குளோன் செய்தால் ஒப்பிடக் கிளையே இருக்காது. முழு வரலாற்றையும் எடுக்கச் சொல்ல வேண்டும். ரீனோவுக்கும் இதே கதைதான், குறிப்புகள் காணாமல் போனது போலத் தெரியும். இரண்டு, பராமரிப்புக் கிளையில் தொகுத்தால் குறிப்புகள் அங்கு மட்டுமே அழியும். அந்த வெளியீட்டுக் கமிட்டை முதன்மைக் கிளைக்கும் கொண்டுவராவிட்டால் அதே குறிப்புகள் அடுத்த பதிப்பிலும் புதுச் செய்தி போல மறுபடி வரும்.

டவுன்கிரையரின் 'மிஸ்க்' (இதர மாற்றங்கள்) வகைக்கு இன்னும் சொல் இல்லை. அந்த வகையில் இயல்பாக எண் மட்டுமே அச்சாகும், உள்ளே எழுதியது வெளியே வராது. 'பல்வகை' என்றால் இது விளங்காது. தோன்றினால் எழுதுங்கள்.
– கு.