பலத்துக்கு 50 புள்ளி கொடுத்து 55 புள்ளியைத் திரும்பப் பெறுவது முறையா?

குளக்கட்டான் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். சில மாதங்களாகச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேருக்குச் சாம்பியன்ஸ் என்னும் அதிவீரர் கதையாட்டத்தை (ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் நின்று ஆடுவது) நடத்தி வருகிறேன். கனடாவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்த ஐந்தாம் பதிப்பே எங்களிடம் உள்ளது. ஆறு பக்கப் பகடை மட்டுமே தேவைப்படுவதால் லூடோப் பெட்டிகளைக் கொட்டிச் சமாளித்துக்கொண்டோம்.

வீரனின் ஆற்றல்களை விலைக்கு வாங்கி அமைத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் 200 புள்ளி அடிப்படையாகக் கிடைக்கிறது. தம் வீரனுக்குக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்பவர் மேலும் 150 புள்ளி வரை பெறலாம். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் என் மருமகன் பலத்தை 10 இலிருந்து 60 ஆக உயர்த்த 50 புள்ளி செலவிட்டான். பலம் கூடும்போது உடற்காப்பும், களைப்பிலிருந்து மீளும் அளவும், மயங்காமல் நிற்கும் அளவும் தாமாகவே கூடும் என்பது விதி. அவற்றைத் தனித்தனியாக வாங்கினால் முறையே 10, 20, 25 புள்ளி ஆகும். கொப்பியின் ஓரத்தில் 50 என்று பென்சிலால் எழுதி, அதன் கீழே 55 என்று எழுதி, இரண்டையும் வட்டமிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினான். 12 பகடை உருட்டி அடிக்கும் பலம் அவனுக்கு இலவசமாகவே வந்துவிட்டது.

அது போதாதென்று, கடுங்குளிர் பட்டால் தன் வீரனுக்கு இருமடங்கு பாதிப்பு என்றும், அது அடிக்கடி நேரக்கூடியது என்றும் எழுதி அதற்கும் புள்ளி வாங்கிக்கொண்டான். கதை நடப்பதோ கிளிநொச்சியில்.

போன கிழமை அவனுடைய வீரன் இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் தோளால் தாங்கி நிற்க, கதைக்குப் பொருத்தம் பார்த்துப் பறக்கும் ஆற்றலும் காயம் ஆற்றும் ஆற்றலும் வாங்கியிருந்த மற்றவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எந்த விதியையும் மீறவில்லை. நான் விதியை மாற்றுவதா, வேறு ஆட்டத்துக்குப் போவதா?

முறிகண்டி வாசகி

தம்பி, உங்கள் மருமகன் கண்டது புதிய ஓட்டை அன்று. முதற் பதிப்பு வெளிவந்த 1981 இலிருந்து தொடர்ந்து வந்த கணக்கு அது. பலத்தை வாங்கி, அதனால் வந்த உப அளவுகளைத் திருப்பி விற்றுப் புள்ளியாக்கியவர்களும் உண்டு. அதனால்தான் அவற்றுள் ஒன்றை மட்டுமே விற்கலாம் என்ற தடை உங்கள் பதிப்பிலேயே இருக்கிறது. ஒட்டுப் போட்டும் சரிவராமல், 2009 இல் வந்த ஆறாம் பதிப்பில் அந்தத் தொடர்பையே அறுத்துவிட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம், ஆனால் ஐந்து பேரின் கணக்கையும் மீண்டும் எழுத வேண்டிவரும்.

குளிர் விடயத்தில் விதி உங்கள் பக்கமே நிற்கிறது. வீரனைக் கட்டுப்படுத்தாத கட்டுப்பாட்டுக்குப் புள்ளி இல்லை என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. ஒரு குறைபாடு அடிக்கடி நேருமா, அரிதாக நேருமா என்பதைக் கதை நடக்கும் இடத்தைப் பார்த்து நடத்துநரே முடிவு செய்ய வேண்டும். கண்டாவளையில் பனி பெய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவன் விட்டுக்கொடுக்காவிட்டால் அடுத்த சண்டையை முல்லைத்தீவில் ஒரு மீன்வாடியின் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வையுங்கள்.

மாங்குளத்தார்

நான் அதிவீரர் ஆட்டம் ஆடியவன் அல்லன். 304 என்னும் சீட்டாட்டம் ஆடியே தலை நரைத்தவன். அதில் ராசாவுக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 20 புள்ளி. இந்த விலை நியாயமா என்று யாரும் சண்டை பிடிப்பதில்லை. சீட்டை நாம் தெரிந்தெடுப்பதில்லை, அது கையில் வந்து விழுகிறது என்பதே காரணம். நினைத்த சீட்டை நினைத்த விலைக்கு வாங்கலாம் என்று விட்டால், மலிவான நல்ல சீட்டை நான்கு பேரும் முதற் கையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே தம்பி, உங்கள் மருமகனைக் குறைசொல்ல வேண்டாம். விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தால் கணிதம் படிக்கும் பிள்ளை கூட்டிக் கழித்துத்தான் பார்க்கும்.

வவுனியா வடக்கு

வேறு ஆட்டத்துக்குப் போவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மியூட்டன்ட்ஸ் அன்ட் மாஸ்டர்மைன்ட்ஸ் என்னும் இன்னொரு அதிவீரர் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பை இரண்டு ஆண்டுகள் நடத்தினேன். பத்தாம் நிலை வீரனுக்கு 150 புள்ளி. எவ்வளவு புள்ளி கொட்டினாலும், ஒரு தாக்குதலின் குறியும் அதன் வலுவும் சேர்ந்து 20 ஐத் தாண்டக் கூடாது. விலகுவதற்கும் தாங்குவதற்கும் அதே வரம்பு. குறைபாட்டுக்கு முற்பணம் கிடையாது. அது கதையில் உண்மையாகவே தொல்லை கொடுக்கும்போதுதான் வீரப் புள்ளி ஒன்று கைக்கு வரும். உங்கள் குளிர்ச் சிக்கல் அங்கே எழவே எழாது.

ஆனால் அங்கேயும் ஓட்டை உண்டு. 20 புள்ளி ஆற்றல் ஒன்றை வாங்கியவர், அதே அளவுள்ள மாற்று ஆற்றலை ஒரே ஒரு புள்ளிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம் என்பதே நிபந்தனை. என்னுடன் ஆடிய ஒருவர் 29 புள்ளிக்குப் பத்து ஆற்றல்களுடன் வந்து உட்கார்ந்தார். தனித்தனியே வாங்கினால் 200 புள்ளி. அவர் அடிப்பதில் மற்றவர்களை மிஞ்சவில்லை என்பது உண்மைதான், ஆனால் மற்றவர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அவரும் செய்தார். அது உங்கள் வான்கதவுக் காட்சியைவிடச் சலிப்பாக இருந்தது. எனவே இருக்கும் நூலையே வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு துறையை முதலிலேயே பேசி ஒதுக்கிவிடுங்கள் என்பது என் கருத்து.

குளக்கட்டான் (கிளிநொச்சி)

அனைவருக்கும் நன்றி. அக்கா எழுதியதை மருமகனிடம் வாசித்துக் காட்டினேன். பலத்தை அப்படியே விட்டு, மற்ற நால்வருக்கும் ஆளுக்கு 20 புள்ளி கூட்டிக் கொடுக்க ஒத்துக்கொண்டோம். கணக்கைத் திருப்பி எழுதுவதைவிட அது இலகு. குளிரை ‘அரிது’ என்று மாற்ற மட்டும் மறுக்கிறான். தெருவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் ஐஸ்கிரீம் வானும் கணக்கில் சேருமா என்று கேட்கிறான். சனிக்கிழமைக்கு முன் அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.