டீவிப் பூசைக்கு நாலு வயதுப் பிள்ளையை உட்கார வைக்கலாமா?

கொட்டாஞ்சேனை_தாய்
மாமிக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறா. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, பாதி ஞாயிறுகள் அவர் வீட்டில் இல்லை. மாமியைத் தனியே விட முடியாது என்பதால் ஞாயிறு காலைத் திருப்பலிப் பூசையை டீவியில்தான் பார்க்கிறோம். மகனுக்கு நாலு வயது, மகளுக்கு இரண்டு. பூசை தொடங்கும்போது மகன் ஃபாதருக்குக் கை காட்டுவான், பிறகு என்னிடம் திரும்பி "ஃபாதர் ஏன் எனக்குக் கை காட்டேல்ல?" என்று கேட்பான். பிரசங்கம் தொடங்கினால் "ஸ்கிப் பண்ணுங்க அம்மா." அதற்குப் பிறகு இரண்டு பேரும் கட்டிலைச் சுற்றி ஓட்டம்தான், மாமி கண் கலங்குவா. போன கிழமை ஃபாதர் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்ற மணி அடிக்கிற நேரம் மகனுக்கு ஓர் அடி போட்டுவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிடித்து உட்கார வைப்பதா, விளையாட்டுச் சாமானோடு மற்ற அறையில் விடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறைக்கல்வி_மிஸ்
தங்கச்சி, அடித்ததை நினைத்து உருகாதீர்கள், மகனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு விடுங்கள். மற்ற அறைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். சின்னப் பிள்ளைக்குப் பார்க்கிற வேலை ஒத்துவராது, செய்கிற வேலை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை இரவு அடுத்த நாள் நற்செய்தியைக் கதையாகச் சொல்லிவிடுங்கள், வலை, மீன், ஆடு என்று ஏதாவது ஒன்று அவன் மனதில் நின்றால் போதும், காலையில் அந்தச் சொல் டீவியில் வரும்போது "அம்மா, ஆடு!" என்று கத்துவான், கத்தட்டும். மேசையில் வெள்ளைத் துணி விரிப்பது, சிலுவையைக் கொண்டுவந்து வைப்பது அவன் பொறுப்பு. காணிக்கை நேரம் ஒரு டின்னில் காசு போடட்டும், அந்த டின்னைப் பிறகு உண்மையாகவே கோயிலுக்குக் கொண்டு போங்கள். பதிலுரைகளில் "உம் ஆன்மாவோடும் இருப்பாராக", "அல்லேலூயா" இரண்டும் போதும். சமாதானம் சொல்லும் நேரம் கட்டிலில் ஏறி அப்பம்மாவைக் கட்டிப்பிடிக்கட்டும். பிரசங்கத்துக்குச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அவனுக்குத் தாளும் கலரும் கொடுங்கள்.

இன்னொன்று, இரவு உடுப்போடு உட்காராதீர்கள். சப்பாத்து வேண்டாம், ஆனால் கோயில் உடுப்புப் போட்டால் பிள்ளையே கொஞ்சம் மாறிப்போகும்.

திரை_வேண்டாம்
நான் எதிர்ப்பக்கம். துணி விரித்துச் சிலுவை வைத்தாலும் அங்கே நடுவில் இருப்பது டீவிதான். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. ஞாயிறு பூசையோடு அன்றைய கணக்கு முடிந்தது, அதற்குப் பிறகு பிள்ளை கார்ட்டூன் கேட்காதா? மகன் ஸ்கிப் பண்ணச் சொல்வது குழப்படி இல்லை அக்கா, அவன் மிகச் சரியாக விளங்கிக்கொண்டிருக்கிறான். திரையில் வருவது எல்லாம் ஒரே சாமான், பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம் என்று நாங்கள்தானே பழக்கினோம். என் அக்கா வீட்டில் போனில் பூசை பார்த்தார்கள், இறுதி ஆசீர் முடிய முதல் பிஸ்கட் விளம்பரம் பாய்ந்து வந்தது, பிள்ளை அதற்கும் கை கூப்பியது. சிரித்தோம், ஆனால் சிரிக்கிற விஷயமா?

ஒரு மணித்தியாலம் மாமியோடு இருக்க யாரையாவது பிடித்துவிட்டு இரண்டு பிள்ளைகளையும் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை_தாய்
தம்பி, "யாரையாவது" என்று எழுதச் சுகம். மாமியைத் திருப்பிப் படுக்க வைக்க, துணி மாற்றத் தெரிந்த யாரும் இந்த ஃப்ளாட்டில் சும்மா இருக்கவில்லை. ஆளுக்குக் காசு கொடுத்துக் கூப்பிடவும் வசதி இல்லை. மற்றது, மாமிக்கும் பூசை வேண்டும். அவ கிழமை முழுக்க அதைத்தான் எதிர்பார்த்துக் கிடக்கிறா.

பம்பலப்பிட்டி_தாத்தா
நான் சைவக்காரன், பூசை என்றால் எங்களுக்கு வேறு பூசை, ஆனாலும் இந்தப் பாடு எனக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தன் கோயிலில் திருவிழாக் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் நேரலை ஓடும். இங்கே கதிரேசன் கோயில் நடக்கிற தூரத்தில் இருக்கிறது, அதனால் அந்த நேரலை எங்களுக்குக் கோயிலுக்குப் பதில் இல்லை, யாழ்ப்பாணத்துக்குப் பதில். பேத்திக்கு மூன்று வயதாக இருந்தபோது போனைக் கையில் கொடுத்துப் பெரிய பிழை விட்டேன், அவள் விரலால் தள்ளித் தள்ளிச் சுவாமியையும் தாண்டி எங்கேயோ போய்விட்டாள். அடுத்த வருடம் டீவியில் போட்டு, திருநீறு பூசிவிட்டு, கையில் மணியைக் கொடுத்தேன். தீபாராதனை காட்டும்போது மட்டும் அடிக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்காகவே கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவாமி வெளியே வரும்போது அவள் போட்ட "அரோகரா" மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒரு வில்லங்கம் வந்தது. 24ஆம் நாள் தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் "தாத்தா, திரும்ப ஓட்டுங்கோ" என்றாள். நானும் ஓட்டிக் காட்டினேன். தேர் பின்னாலே போனது. கைதட்டிச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடக்கிற நேரத்தில் பார்த்தால் பார்த்ததுதான், பதிவு கிடையாது, ரிமோட் அலுமாரிக்கு மேலே. பிந்தி எழும்பினால் சுவாமி போய்விட்டார், நாளைக்குப் பார்.

திரை_வேண்டாம்
ஐயா, நீங்கள் சொன்ன தேர்க் கதை என் பக்கத்துச் சாட்சி. கற்பூரமும் கையில் கொடுத்தீர்களோ தெரியாது!

பம்பலப்பிட்டி_தாத்தா
கற்பூரம் என் கையில், மணி அவள் கையில். எனக்கு அறுபத்தெட்டு வயது தம்பி, மூளை இன்னும் வேலை செய்கிறது.

மறைக்கல்வி_மிஸ்
தம்பி, அந்த உலக சுகாதார நிறுவன அறிவுரையை முழுதாகப் படித்தீர்களா? அசையாமல் உட்கார்ந்து திரை பார்க்கிற நேரத்தைப் பற்றித்தான் அது பேசுகிறது. நான் சொன்ன மாதிரிப் பூசை பார்த்தால் எந்தப் பிள்ளை அசையாமல் உட்காரும்? எழும்பு, முழந்தாளிடு, காசு போடு, கட்டிலில் ஏறு. எனக்கே கால் நோகும்.

திரை_வேண்டாம்
நல்ல வக்கீல் நீங்கள் மிஸ். சரி, அசைவதை ஏற்கிறேன், ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை நேரில் ஒருவர் செய்து காட்டினால் கற்கிற அளவுக்குத் திரையில் பார்த்துக் கற்பதில்லை என்று குழந்தை உளவியல்காரர்கள் கனகாலமாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து விளக்கினால்தான் அந்தக் குறை கொஞ்சம் நிரம்பும். அப்படியென்றால் இரண்டு வயது மகள் படிப்பது ஃபாதரிடம் இல்லை, அம்மாவிடம். பிறகு டீவி எதற்கு? அப்பம்மாவோடு ஒரு செபமாலை பத்து மணி சொன்னால் அதே பலன்தானே.

மருதானை_நானா
இடையில் வருகிறேன், குறை நினைக்க வேண்டாம். எங்களுக்கு டீவியைப் பார்த்து இமாமைப் பின்பற்றித் தொழுகிற வழக்கம் இல்லை, எங்கள் உலமாக்கள் பொதுவாக அதை ஏற்பதும் இல்லை. ஆனால் நோன்பு காலத்தில் வானொலி எங்கள் வீட்டில் பெரிய ஆள். முஸ்லிம் சேவையில் அந்தி நேர மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் சின்னது இரண்டும் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வானொலிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும். நோன்பு பிடிக்கிற வயது இல்லை, பகலெல்லாம் சாப்பிட்ட பிள்ளைகள்தான், ஆனாலும் அந்த ஐந்து நிமிஷம் வாயில் வைக்க மாட்டார்கள். பாங்கு கேட்டதும் வாப்பாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டுத்தான் தின்பார்கள், பிறகு கஞ்சி. பார்க்க ஒரு படமும் இல்லை, தள்ளிவிட ஒன்றும் இல்லை. அதனால் அக்காவுக்கு ஒரு யோசனை, டீவியின் படத்தை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் வைத்துப் பாருங்கள்.

ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழச் சொல்லுங்கள் என்பது நபிமொழி. நாலு வயதுக்கு அடி எதற்கு?

மறைக்கல்வி_மிஸ்
நானா, எங்களுக்கும் அதே ஏழுதான்! திருச்சபைச் சட்டப்படி ஏழு வயது முடியாத பிள்ளைக்கு ஞாயிறு பூசைக்குப் போகும் கடன் கிடையாது. நோயாளியைப் பார்க்கிறவர் போக முடியாவிட்டால் அவருக்கும் அது பாவமில்லை. அதனால் இந்த வீட்டில் யாரும் கடன் தவறவில்லை தங்கச்சி, அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். தொலைக்காட்சிக்கே எங்களிடம் ஒரு பாதுகாவலி இருக்கிறா, அசிசி புனித கிளாரா. நோயில் கிடந்த ஒரு கிறிஸ்மஸ் இரவில் கோயிலுக்குப் போக முடியாமல், தன் அறையிலேயே பூசையைக் கண்டதாகச் சொல்வார்கள், அதை வைத்துத்தான் 12ஆம் பயஸ் பாப்பரசர் அவரைப் பாதுகாவலியாக்கினார். உங்கள் மாமியின் நிலைமையேதான்.

ஜம்பட்டா_வீதி_அக்கா
மிஸ், நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் நான் செய்தவள். துணி, டின், கலர் பென்சில், எல்லாம். அதனால்தான் கொஞ்சம் கசப்பாக எழுதப் போகிறேன்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது. அடுத்த ஞாயிறு, 28ஆம் திகதி, கோயில்களில் மக்களோடு பூசை இல்லை, கர்தினால் தன் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை டீவியில் பார்த்தோம். என் மாமியார், நான், மகள், மூன்று பேரும் அழுதுகொண்டே பார்த்தோம், ஏன் அழுகிறோம் என்று மகளுக்குத் தெரியாது. அன்று அந்தப் பூசை இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று சொல்ல முடியாது. ஆகவே டீவிப் பூசை கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் கோயில் திறந்த பிறகும் நான் போகவில்லை. பயம். டீவி இருக்கிறதே என்று ஒரு சமாதானம். பிறகு 2020இல் கொரோனா ஊரடங்கு, அந்த வருட உயிர்த்த ஞாயிறும் டீவியில்தான். மகள் டீவி முன்னால் அழகாக முழந்தாளிடுவாள், எல்லாப் பதிலும் சொல்வாள், பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். ஒருவழியாகக் கோயிலுக்குக் கூட்டிப் போன நாள், காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். சனம் அதிகம், சத்தம் அதிகம், ஃபாதர் மிகச் சின்னதாகத் தூரத்தில் தெரிகிறார், மெழுகுதிரி மணம் பிடிக்கவில்லை, "வீட்டுப் பூசைக்குப் போவோம்" என்றாள். அதை மாற்ற எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. செவ்வாய்க்கிழமைகளில் சனம் குறைந்த நேரமாகப் பார்த்து அந்தோனியாரிடம் கூட்டிப் போய், ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக.

தங்கச்சி, அவர் ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் அவரை மாமியோடு விட்டுவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாதத்தில் இரண்டு தரம் போனாலும் போதும். மற்றது, பங்குக் கோயிலுக்கு ஒரு சொல் சொன்னீர்களா? நோயாளிகளுக்கு வீட்டுக்கே பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் கொண்டு வருவார்கள். டீவியில் இருக்கிற ஃபாதர் கை காட்டமாட்டார், வாசலுக்கு வருகிறவர் காட்டுவார்.

திரை_வேண்டாம்
இந்த அக்கா சொன்னதைத்தான் நான் முதலில் இருந்து சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறைக்கல்வி_மிஸ்
நீங்கள் சொன்னது அது இல்லை தம்பி, நீங்கள் டீவியை அணைக்கச் சொன்னீர்கள். அக்கா, உங்கள் மகளுக்கு நடந்ததை நான் யோசித்திருக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழி டீவிக்கு மட்டும் இல்லை, அந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. 1973இல் வந்த சிறுவர் திருப்பலி வழிகாட்டியில், பங்கெடுக்க முடியாத சின்னக் குழந்தைகளைப் பூசை நேரம் வேறு இடத்தில் பார்த்துக்கொண்டு, கடைசியில் ஆசீருக்குக் கூட்டி வரலாம் என்றே இருக்கிறது. அதனால் இரண்டு வயது மகளை விட்டுவிடுங்கள் தங்கச்சி, அவள் ஓடட்டும், ஆசீருக்கு மட்டும் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அறைக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னது மகனுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பலப்பிட்டி_தாத்தா
மிஸ் கொஞ்சம் இறங்கி வந்துவிட்டா. நான் இறங்கவில்லை, ரிமோட் அலுமாரிக்கு மேலேதான்.

கொட்டாஞ்சேனை_தாய்
இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். நானாவின் யோசனைப்படி படத்தை மூடிப் பார்த்தேன், மாமிக்குப் பிடிக்கவில்லை, ஃபாதரின் முகம் பார்க்க வேண்டுமாம், திரும்பப் போட்டுவிட்டேன். தாத்தா சொன்ன மணி நல்ல வேலை செய்தது, ஆனால் எழுந்தேற்றத்துக்கு மட்டும் என்றால் மகன் கேட்கிறானா, அறிவித்தலுக்கும் அடித்தான். மகள் பாதிப் பூசையில் நித்திரை.

போன ஞாயிறு பங்கில் இருந்து ஒரு சிஸ்டர் மாமிக்கு நற்கருணை கொண்டு வந்தா. மகன் காலை ஏழு மணியில் இருந்து வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றான், நான் சொல்லவே இல்லை. அவ படியேறி வந்ததும் கை காட்டினான். அவவின் கை இரண்டும் நற்கருணைப் பெட்டியில் இருந்தது, அதனால் தலையை ஆட்டினா. இப்போது அவன் டீவியில் ஃபாதரைக் கண்டால் கை காட்டுவதில்லை, தலையை ஆட்டுகிறான்.