பச்சை ஹோலோகிராபிக் நகப்பூச்சில் வானவில் தெரியவில்லை, உதவி தேவை

செவ்வந்தி:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் திருமணம். பச்சைப் பட்டுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று வாங்கிய ஹோலோகிராபிக் நகப்பூச்சு, பூசிய பிறகு சாம்பல் படிந்த பச்சையாக மட்டுமே தெரிகிறது. படத்தில் நகத்தின் நீளவாக்கில் ஓடிய வானவில்லைக் காணவே இல்லை. இரண்டாம் முறை பூசும்போது தூரிகை பட்ட இடத்தில் வழித்துக்கொண்டு நகம் வெளியே தெரிகிறது. குப்பி போலியாக இருக்குமோ? விரைவாகச் சொல்லுங்கள்.

வெயில்மகள்:
அடிப்பூச்சு எது, மேல்பூச்சு போட்டீர்களா, இரண்டு பூச்சுகளுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட்டீர்கள், எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்? இவை தெரியாமல் குப்பியைக் குறை சொல்ல முடியாது, தங்கச்சி.

ரோஸ் ஹில் அக்கா:
மேல்பூச்சுதான் காரணமாக இருக்கும். அடியில் இருப்பது முழுதும் காயாதபோது மேல்பூச்சைப் போட்டால், அது துகள்களைக் கலைத்துவிடும், வானவில் மங்கிப்போகும். நான் ஹோலோவுக்கு மேல்பூச்சே போடுவதில்லை.

நிறமாலை:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விடை சொல்லியாயிற்று. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பதே முறை. ஆயினும் அடிப்படை தெரியாமல் ஆளுக்கொரு காரணம் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்தப் பூச்சில் இருப்பவை சாதாரண மினுக்குத் துகள்கள் அல்ல. ஒவ்வொரு துகளின் மேலும், ஒரு மில்லிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் அமையும் அளவுக்கு நெருக்கமான கோடுகள் உள்ளன. குறுந்தகட்டின் அடிப்பக்கம் வெயிலில் நிறம் பிரிப்பதைப் போலவே இவையும் ஒளியைப் பிரிக்கின்றன. ஆகவே ஒளி ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும்: நேரடி வெயில், கைப்பேசியின் விளக்கு, மறைப்பில்லாத எல்.இ.டி. பல்பு. மூடிய வானத்தின் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால், ஒவ்வொரு திசையின் வானவில்லும் மற்றொன்றின் மேல் விழுந்து வெறும் சாம்பலாகிவிடும். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதையாவது முதலில் எழுதியிருக்கலாம்.

செவ்வந்தி:
மொரீஷியசில் கியூர்பைப். சமையலறைக் குழல்விளக்கின் கீழே பூசினேன். வழக்கமான அடிப்பூச்சு, மேல்பூச்சு இன்னும் போடவில்லை.

வெயில்மகள்:
அப்படியானால் பாதி விடை கிடைத்துவிட்டது. நான் மேற்குக் கரையில், ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கில் இருக்கிறேன். இங்கே ஆண்டில் பெரும்பகுதி வெயில்தான். உங்கள் மேட்டு நிலத்திலோ தூறலும் மேகமும் விட்டால்தான் வானவில்லுக்கு வாய்ப்பு. வழித்துக்கொள்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. புதிய பூச்சில் உள்ள கரைப்பான் பழைய அடுக்கை இளக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரே இடத்தில் தூரிகையைத் திரும்பத் திரும்ப இழுத்தால் அடியில் இருப்பதும் கூடவே வந்துவிடும். தூரிகையில் தேவையான அளவு எடுத்து, நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்றே இழுப்பில் முடித்துவிடுங்கள். முதல் அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.

கடலோரம்:
நீர் சார்ந்த அடிப்பூச்சு வாங்குங்கள். ஹோலோ பூச்சுகள் அதன் மேல் மட்டுமே வழுவழுப்பாக இறங்கும் என்பது என் அனுபவம்.

நிறமாலை:
அது பழைய வகைகளுக்குப் பொருந்திய அறிவுரை. இப்போது வரும் பலவற்றுக்குச் சாதாரண அடிப்பூச்சே போதும். பச்சை நிறம் நகத்தில் கறையேற்றும் என்பதால் அடிப்பூச்சை மட்டும் தவிர்க்கக் கூடாது.

கடலோரம்:
பழையது என்று தள்ளிவிடாதீர்கள். குப்பிக்குக் குப்பி கலவை மாறும். அவர் வாங்கியது எந்த வகை என்று உங்களுக்கும் தெரியாது. பூச்சு கெட்டியாக இருந்தாலும் வழித்துக்கொள்ளும். இரண்டு சொட்டு அசிட்டோன் விட்டுப் பார்க்கட்டும்.

ரோஸ் ஹில் அக்கா:
அசிட்டோன் மட்டும் வேண்டவே வேண்டாம்! அது நகப்பூச்சு நீக்கியில் இருப்பது. குப்பிக்குள் போனால் கலவையையே கெடுத்துவிடும். எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் உள்ள தின்னர் என்றே கேட்டு வாங்க வேண்டும்.

கடலோரம்:
நான் விட்ட குப்பிகள் ஒன்றும் கெடவில்லை.

ரோஸ் ஹில் அக்கா:
அடுத்த முறை திறக்கும்போது எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். அசிட்டோன் மற்றவற்றைவிட வேகமாகப் பறந்துவிடும். மீண்டும் கெட்டியாகும், மீண்டும் விடுவீர்கள், கடைசியில் பூச்சு நகத்தில் பிடிக்காமல் உரியும். நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒன்றை ஏன் அப்படிப் பாழாக்க வேண்டும்?

வெயில்மகள்:
இந்த வாதத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதீர்கள். செவ்வந்தி, கியூர்பைப்பின் ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். கரைப்பான் பறக்கும்போது பூச்சின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெள்ளைப் படலம் போல் மங்கிவிடுவது உண்டு. ஈரமான சமையலறையை விட்டு, சன்னல் சாத்திய உலர்ந்த அறையில் பூசுங்கள். குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். அடியில் தங்கிய துகள்கள் குமிழி இல்லாமல் கலக்கும். கைப்பேசி விளக்கை நகத்தின் மேல் காட்டிப் பார்த்தீர்களா?

செவ்வந்தி:
காட்டினேன். சிவப்பிலிருந்து நீலம் வரை கோடு முழுதாக வந்துவிட்டது. மூன்று இழுப்பில் பூசியதும் வழித்துக்கொள்ளவில்லை. நன்றி.

ரோஸ் ஹில் அக்கா:
மகிழ்ச்சி. மண்டபத்தில் எந்த விளக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழல்விளக்காக இருந்தால் படம் எடுப்பவரிடம் ஃபிளாஷ் போடச் சொல்லுங்கள். மேல்பூச்சு போடுவதாக இருந்தால் முதல் நாள் இரவே ஹோலோவை முடித்து, காலையில் மெல்லியதாக ஒரே இழுப்பில் போடுங்கள்.

கடலோரம்:
நீர் சார்ந்த அடிப்பூச்சு இல்லாமலா சரியாகிவிட்டது? எந்த நிறுவனத்தின் பூச்சு என்று இன்னும் சொல்லவில்லையே, செவ்வந்தி?