த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த மறுநாள் எஞ்சின் விளக்கு எரிகிறது: ஆல்டிஸ் 1.8 பெட்ரோல்

பொன்வண்டு

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2015 மாடல் டொயோட்டா கரோலா ஆல்டிஸ், 1.8 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் மாற்றினேன். எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைத் தனியாகக் கழற்றி, உள்ளே படிந்திருந்த கரியை அதற்கென்று விற்கும் ஸ்பிரே அடித்துத் துடைத்துத் திரும்பப் பொருத்தினேன். அன்று மாலை ஊருக்குள் ஓட்டியபோது, வண்டி நிற்கும் நேரத்தில் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம்) சற்று ஏறி இறங்கியதைத் தவிர வேறு குறை எதுவும் தெரியவில்லை. மறுநாள் அலுவலகம் போகும் வழியில் டாஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. இன்றுவரை அது அணையவில்லை. மினுக்கவும் இல்லை, நிலையாக எரிகிறது. இழுவையில் குறை இல்லை.

பாட்டரி டெர்மினலைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் தெரு மெக்கானிக் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? வேலை செய்த அன்று எரியாத விளக்கு மறுநாள் எரிவதற்கு என்ன காரணம்? இந்த நிலையில் வண்டியை ஓட்டலாமா?

நாலாம் கியர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விளக்கு நிலையாக எரிந்து, வண்டி குலுங்காமல், வெப்பநிலையும் எண்ணெய் அழுத்தமும் சரியாக இருந்தால், பக்கத்து ஊர்வரை நிதானமாக ஓட்டுவதில் ஆபத்து இல்லை. விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் மட்டும் உடனே ஓரங்கட்ட வேண்டும். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமை) கடுமையாக இருப்பதற்கு அதுவே அடையாளம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கிவிடும். பிளக் மாற்றியிருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

பாட்டரியைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். விளக்கு எரிந்த அந்த நொடியில் எஞ்சின் வேகம், வெப்பநிலை, எரிபொருள் திருத்தம் ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ ஒரு படம்போலப் பதிவு செய்து வைத்திருக்கும். பிரீஸ் பிரேம் என்று அதைச் சொல்வார்கள். டெர்மினலைக் கழற்றினால் விளக்கு அணையும், கூடவே அந்தப் பதிவும் அழியும், பழுது மட்டும் அப்படியே இருக்கும். ஸ்டீயரிங்கிற்குக் கீழே உள்ள பழுது கண்டறிவதற்கான 16 பின் ஓபிடி இணைப்பானில் ஒரு புளூடூத் ஸ்கேனரைச் செருகி, கைப்பேசிச் செயலியில் பழுதுக் குறியீடு (கோடு) என்னவென்று பார்த்து இங்கே எழுதுங்கள். கோடு தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகமே.

கொங்கு ஓட்டுநர்

ஐடிலிங் ஏறி இறங்குவதற்கு நானொரு காரணம் சொல்கிறேன். இது கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் த்ராட்டில். கரி படிந்திருந்த காலத்தில், குறைகிற காற்றை ஈடுகட்டத் தகட்டை எவ்வளவு கூடுதலாகத் திறக்க வேண்டும் என்று இசியூ கற்று வைத்திருக்கும். சுத்தம் செய்தபின் அதே அளவு திறந்தால் காற்று அதிகமாகப் போகும், ஐடிலிங் ஏறும். சில நாள் ஓட்டத்தில் அது தானாகவே புதிய அளவைக் கற்றுக்கொள்ளும் என்பதால், உங்கள் சிக்கலும் அதுவாகவே இருக்கலாம் என்பது என் கருத்து.

இன்னொரு சந்தேகம்: அந்த ஸ்பிரேயை உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் மீதும் அடித்தீர்களா? அதற்கு வேறு ஸ்பிரே உண்டு. த்ராட்டில் கிளீனரை அடித்தால் உள்ளேயிருக்கும் மெல்லிய கம்பியில் படிவு தங்கி, சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டக்கூடும்.

பொன்வண்டு

இருவருக்கும் நன்றி. ஏர் ஃப்ளோ சென்சாரை நான் தொடவே இல்லை. ஃபில்டர் மாற்றுவதற்காக அதன் இணைப்பானைக் கழற்றித் திரும்பச் செருகியதோடு சரி. நண்பர் ஒருவரிடம் ஸ்கேனர் வாங்கிப் பார்த்தேன். பி0171 என்ற ஒரே கோடு இருக்கிறது. பிரீஸ் பிரேமில் எஞ்சின் நன்கு சூடேறிய நிலை, வேகம் 700 ஆர்பிஎம்முக்குச் சற்று மேல். இப்போது நேரடியாகப் பார்த்தால், குறுகிய கால எரிபொருள் திருத்தமும் நீண்ட காலத் திருத்தமும் சேர்ந்து ஐடிலிங்கில் கூட்டல் 27 சதவீதம் அளவில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் அது கூட்டல் 6 வரை இறங்கிவிடுகிறது. இது நல்லதா, கெட்டதா?

பட்டறைக்காரர்

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத் தந்ததற்குப் பாராட்டுகள். பாதி வேலை முடிந்துவிட்டது.

பி0171 என்றால் கலவையில் காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்துள்ளது என்று பொருள். பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருக்க வேண்டும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் காற்று மிகுதியைக் காட்டும்போதெல்லாம் இசியூ பெட்ரோலைக் கூட்டும். கூட்டுகிற அந்த அளவைத்தான் நீங்கள் சதவீதமாகப் பார்க்கிறீர்கள். உடனுக்குடன் செய்வது குறுகிய காலத் திருத்தம், கற்று வைத்துக்கொண்டது நீண்ட காலத் திருத்தம். கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்திற்குள் இருந்தால் பொதுவாக யாரும் கவலைப்படுவதில்லை. 27 என்பது கட்டாயம் தேட வேண்டிய அளவு.

இனி எங்கே தேடுவது என்பதைப் பார்ப்போம். ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்காகியிருந்தாலோ, பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலோ, எஞ்சின் அதிகக் காற்றையும் பெட்ரோலையும் கேட்கும் வேளையில்தான் குறை பெரிதாகும். திருத்தம் வேகத்தோடு ஏறும். உங்களுக்கு நேர்மாறாக, வேகம் கூடக் கூட இறங்குகிறது. த்ராட்டில் தகட்டைத் தாண்டிய பகுதியில் எங்கோ காற்று கசிகிறது என்பதற்கு இது தெளிவான அடையாளம். ஐடிலிங்கில் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் உறிஞ்சல் வலுவாக இருக்கும். எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றும் சிறிது என்பதால், சென்சார் கணக்கில் வராமல் நுழையும் கசிவுக் காற்று அதில் பெரும் பங்காகிவிடும். தகடு திறந்ததும் உறிஞ்சல் குறைகிறது, மொத்தக் காற்று பல மடங்காகிறது, கசிவின் பங்கு சுருங்குகிறது.

ஆகவே ஏர் ஃபில்டர் பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. அதன் மூடி சரியாக உட்காராவிட்டால் தூசி உள்ளே போகும் என்பது உண்மைதான்; ஆனால் அந்தக் காற்றும் சென்சாரைக் கடந்துதான் போகிறது என்பதால் இந்தக் கோடு வராது. பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயில் கிளாம்ப் தளர்ந்திருந்தால் பி0171 வரலாம். ஆனால் தகட்டுக்கு முன்னால் உறிஞ்சல் மிகக் குறைவு என்பதால் ஐடிலிங்கில் மட்டும் இவ்வளவு ஏற்றம் காட்டாது.

மிஞ்சுவது த்ராட்டில் பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பி அனுப்பும் பிசிவி குழாய், பெட்ரோல் ஆவி வரும் பர்ஜ் குழாய், பிரேக் பூஸ்டர் குழாய் ஆகியவை. இவற்றில் நீங்கள் கைவைத்தது கேஸ்கெட் ஒன்றில்தான். பழையதையே திரும்பப் போட்டீர்களா? சூட்டில் பல ஆண்டு இருந்த ரப்பர் தட்டையாகி இறுகியிருக்கும்; அதன் பள்ளத்திலிருந்து ஒரு ஓரம் எழும்பியிருந்தாலும் போல்ட் இறுகும், கையால் தடவினால் தெரியாது. ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை அந்த இணைப்பைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள். கசியும் இடத்தில் உஸ்ஸென்ற ஓசை பெரிதாகக் கேட்கும். விசிறியிலும் பெல்ட்டிலும் டியூப் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான எஞ்சின் மீது கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கசிவு தேடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. தீப்பற்றக்கூடிய திரவம் அது, வீட்டில் வேண்டாம்.

விளக்கு மறுநாள் எரிந்ததிலும் வியப்பில்லை. இந்த வகைக் கோடுகளுக்கு இசியூ ஒரு ஓட்டத்தில் பிழையைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் அதே பிழை கண்டால்தான் விளக்கைப் போடும். கொங்கு ஓட்டுநர் ஐயா சொன்ன கற்றல் விஷயம் சரியானதே, ஆனால் அது ஐடிலிங் வேகத்தை மாற்றுமே தவிர இவ்வளவு திருத்தம் கேட்காது. தகட்டின் வழியே போகும் காற்றைச் சென்சார் அளந்துவிடுகிறதல்லவா?

பொன்வண்டு

பழைய கேஸ்கெட்டையே போட்டிருந்தேன். டியூபை வைத்துக் கேட்டபோது கீழ்ப்பக்க போல்ட்டுக்கு அருகில் ஓசை வந்தது. கழற்றியதில், அந்த இடத்தில் ரப்பர் பள்ளத்தைவிட்டு வெளியே வந்து இரண்டு உலோக முகங்களுக்கும் நடுவே நசுங்கி, ஓரம் பிய்ந்திருந்தது. உதிரிபாகக் கடையில் அசல் கேஸ்கெட் வாங்கி, பள்ளத்தைத் துடைத்துப் பொருத்தி, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கினேன். இப்போது ஐடிலிங் ஆடவில்லை. குறுகிய காலத் திருத்தம் கழித்தலில் போய்விட்டது. இது வேறு பழுதா? விளக்கு இன்னும் எரிகிறது, ஸ்கேனரால் அழித்துவிடலாமா?

பட்டறைக்காரர்

வேறு பழுது அல்ல. நீண்ட காலத் திருத்தத்தில் பழைய கூட்டல் இன்னும் நிற்பதால், அதை ஈடுகட்டக் குறுகிய காலத் திருத்தம் கழிக்கிறது. ஓட ஓட இரண்டும் பூஜ்யத்தின் அருகில் வந்து சேரும். காரணம் தெரிந்துவிட்டதால் இனி அழிக்கலாம். அழிக்காமல் விட்டாலும், பிழை தென்படாத ஓட்டங்கள் தொடர்ந்து மூன்று ஆனபின் விளக்கு தானாக அணையும்; கோடு மட்டும் சிறிது காலம் நினைவகத்தில் தங்கும். எதுவானாலும் முதலில் பிரீஸ் பிரேமை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, எஞ்சின் சூடான நிலையில் ஐடிலிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் திருத்தத்தைப் பார்த்து எழுதினால், பிசிவி குழாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.